உதட்டுப் பாட்டு

படப்பையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் பகலில்தான் ராத்திரி. என் கணவருக்கு எப்போதும் நைட் ஷிப்ட். ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் அடிக்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறார். சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். காலையில் நான் பால் காய்ச்சுகிற நேரத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிடும். குளிப்பார், கிடைத்ததைச் சாப்பிடுவார், ஜன்னலில் அட்டையைச் சொருகி வெளிச்சத்தை மறைத்துவிட்டுப் படுப்பார். இருப்பது ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். என் மகள் பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்த அறையில்தான்.

சத்தம் போடாமல் வாழ எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கிற கம்பெனி லைனில் நின்றவள் நான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஹாஸ்டல் அறையில் அடுக்குக் கட்டில்கள். மூன்று ஷிப்டுக்கும் ஆட்கள் கலந்து இருப்பார்கள். எந்த நேரத்தில் பார்த்தாலும் யாராவது ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். அதனால் எங்களுக்கென்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. பக்கெட்டின் பிடிக்குத் துணி சுற்றுவோம். டம்ளரைத் துண்டின் மேல் வைப்போம். பேச்செல்லாம் உதட்டால்தான். எதிர்க் கட்டிலில் இருப்பவள் என்ன சொல்கிறாள் என்பதை வாயைப் பார்த்தே படித்துவிடுவோம். புதிதாக வருகிறவள் கொலுசோடு வந்தால் அன்றைக்கே கழற்ற வைத்துவிடுவோம். அழ வேண்டுமென்றால் பாத்ரூம், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

லீவில் ஊருக்குப் போனால் அம்மா திட்டுவாள், வாய்க்குள்ளேயே பேசுகிறாயே, தொண்டையில் என்ன அடைத்திருக்கிறது என்று. எனக்கே அது தெரியாது. பெரிய குரலில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். இப்போதும் வருகிறது.

அவரைப் பார்த்தது பஸ் நிறுத்தத்தில். மண்ணூர்க்காரர். நிலம் நீச்சு என்று இருந்த குடும்பம், இப்போது எல்லாரும் ஏதாவது ஒரு கம்பெனியில். இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் அத்தோடு எங்களைத் தலைமுழுகிவிட்டார்கள். பிரசவத்துக்கு யாரும் வரவில்லை. நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது, எல்லாரும் சொல்கிற மாதிரி எனக்கு ஒன்றும் பொங்கி வரவில்லை. லைனில் அடுத்த பீஸ் வந்து நிற்பதுபோல வந்து நின்றாள். செய்ய வேண்டியதைச் செய்தேன். பால் கொடுத்தேன், துடைத்தேன், துணி மாற்றினேன். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெற்றவளா நீ என்று கேட்பார்கள்.

குழந்தை பிறந்த மாதம்தான் அவருடன் வேலை பார்த்த ஒருவருக்கு மெஷினில் விரல் போனது. பகலில் சரியாகத் தூங்காமல் வந்து கண் சொக்கியதில் நடந்தது என்று சொன்னார். தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். இந்த மனுஷன் தூங்கும்போது ஈ பறந்தாலும் அடித்துவிடுவேன் என்று.

குழந்தைக்கு மூன்றாம் மாதம் 'ங்கா' வந்தது. மற்ற வீடுகளில் குழந்தை ங்கா என்றால் பெரியவர்களும் பதிலுக்கு ங்கா என்பார்கள். குழந்தை கொஞ்சம் இழுக்கும், அவர்கள் அதே இழுப்பில் திருப்பிக் கொடுப்பார்கள். பாட்டு அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று பிறகு எனக்கு ஒரு டீச்சர் சொன்னார். நான் புருவத்தைத் தூக்கிப் பதில் சொன்னேன். வாயை அகலமாகத் திறந்து, காற்றுகூட வராமல், ங்கா என்று காட்டினேன். அவள் என் வாயையே பார்த்தாள். கொஞ்ச நாளில் அவளும் அப்படியே காட்ட ஆரம்பித்தாள். சிரிப்புகூட அவளுக்கு மூச்சாகத்தான் வந்தது. தோள் குலுங்கும், சத்தம் இருக்காது.

ஆறேழு மாதத்தில் வீல் வீல் என்று கத்திப் பார்ப்பார்களே, அந்தப் பருவம் இவளுக்கும் வந்தது. மெல்லக் கீழிருந்து எடுத்து, கீச்சென்று உச்சிக்குப் போய் நிற்பாள். வாயைத் திறக்கிறாள் என்று தெரிந்தாலே தூக்கிக்கொண்டு வீட்டு ஓனரின் மொட்டைமாடிக்கு ஓடுவேன். அங்கே தண்ணீர்த் தொட்டி நிழலில் கத்தவிட்டு, அடங்கியதும் கீழே கொண்டுவருவேன். வெயில் காலத்தில் அதுவும் முடியாது. முலையை வாயில் வைத்துவிடுவேன். அந்தப் பருவம் சீக்கிரமே போய்விட்டது.

எனக்குத் தாலாட்டு தெரியாமல் இல்லை. எங்கள் ஊரில் பேச்சே பாதி தாலாட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் தூங்குகிற ஆள் பக்கத்தில் இன்னொரு ஆளைப் பாடித் தூங்கவைக்க முடியுமா? முதுகில் தட்டியே தூங்க வைத்தேன். அதனால் தாளம் அவளுக்கு நன்றாக வந்தது. பக்கத்துப் போர்ஷனில் வாஷிங் மெஷின் ஓடினால் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு இடுப்பை ஆட்டுவாள். மெஷின் வேகம் மாறினால் இவளும் மாற்றுவாள். நின்றால் நிற்பாள்.

ஒன்றரை வயதுக்கு மேல் போன் கொடுக்க ஆரம்பித்தேன். நான் சமைக்க வேண்டும், அவர் தூங்க வேண்டும், இவள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓட வேண்டும் என்றால் நடக்குமா? குழந்தைப் பாட்டு வீடியோக்களைப் போட்டு, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுக் கையில் கொடுப்பேன். உலகத்தில் எந்தத் தாயும் இப்படிச் செய்ய மாட்டாள் என்று டீச்சர் சொன்னார். டீச்சருக்கு என்ன தெரியும்? எங்கள் காம்பவுண்டில் பாதி வீட்டில் அப்படித்தான். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு நைட் ஷிப்ட் படுத்திருக்கும்.

மகள் அந்தப் பாட்டுகளை எல்லாம் கற்றுக்கொண்டாள். யானைக்குத் தும்பிக்கை ஆட்டுவாள். மழைக்கு விரல்களை இறக்குவாள். நட்சத்திரத்துக்குக் கையை மூடி மூடித் திறப்பாள். உதடு அந்தந்த வார்த்தைக்குச் சரியாக அசையும். எனக்குப் பழைய வித்தை, வாயைப் பார்த்து எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவேன். குரல் மட்டும்தான் இல்லை. ராகம் என்று ஒன்று அதில் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

காம்பவுண்டில் எல்லாரும் தங்கமான குழந்தை, இருக்கிற இடமே தெரியவில்லை என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவர் எழுந்ததும் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் அபிநயத்தைப் பார்ப்பார். முடிந்ததும் கைதட்டுவார். அதுகூட உள்ளங்கை இரண்டும் ஒட்டாமல். பக்கத்து வீட்டில் தூங்குகிறார்களே.

எல்.கே.ஜி. சேர்த்த சில வாரங்களில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். சின்னப் பெண், தண்டலம் பக்கம் ஒரு காலேஜில் படித்தவர். பேசும்போதே தொடையில் தாளம் போடுவார். உங்கள் குழந்தை எல்லாப் பாட்டுக்கும் ஆக்‌ஷன் செய்கிறது, ஒரு அடிகூடத் தப்புவதில்லை, ஆனால் வாயிலிருந்து சத்தமே வருவதில்லை, கேட்டால் காதோரம் வந்து காற்றாகப் பேசுகிறது என்றார். பிள்ளைகள் முதலில் குரலை வைத்து விளையாடுவார்கள், அப்புறம் தானாக எதையாவது முணுமுணுப்பார்கள், அப்புறம் கேட்ட பாட்டில் ஒரு துண்டைப் பிடிப்பார்கள், வார்த்தை முதலில் வரும், ராகம் அங்கே இங்கே அலைந்து கடைசியில் வந்து உட்காரும் என்று வரிசையாகச் சொன்னார். இவளுக்கு எல்லாம் தலைகீழாக இருக்கிறது, காதை ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள் என்றார். அதைச் சொல்லும்போது தாளம் போடுகிற கை நின்றுவிட்டது.

அந்த வாரம் முழுக்க நான் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று விரலைச் சொடுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் திரும்பினாள். ஒவ்வொரு தடவையும் திரும்பினாள். அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. செவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அமைதியான பிள்ளை என்று பெருமைப்பட்டோமா என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர உள்ளே எதுவும் அசையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவளை உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை எடுத்துக் குச்சியில் போட வேண்டும். அவள் போட்டாள். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள், போட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பரிசோதித்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காது சூப்பரா கீதும்மா. இவ்ளோ சின்ன சத்தத்த எந்தக் கொயந்தையும் புடிக்காது. வூட்ல இன்னா பண்றீங்க?"

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். நான் வேறு எங்காவது போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்றார். மறுநாளே ஒரு சிநேகிதரின் பேச்சிலர் ரூமுக்குப் பாயை எடுத்துக்கொண்டு போனார். அங்கே ஒருத்தன் சமைக்கிறான், ஒருத்தன் கேம் ஆடுகிறான், ஒருத்தன் ஊருக்குப் போன் போட்டுச் சண்டை போடுகிறான். இரண்டு நாளில் கண் சிவந்து திரும்பி வந்தார். பிறகு கம்பெனியில் கொடுக்கிற பஞ்சு அடைப்பானைக் காதில் வைத்துக்கொண்டு படுத்துப் பார்த்தார். ஒருவழியாகத் தூக்கம் வந்தது. நான் போனில் சத்தத்தை வைத்துக் கொடுத்தேன். மகள் திடுக்கிட்டுப் போனை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றால் சொல்லத் தெரியவில்லை. கம்பெனி மேலா, இந்த ஒற்றை அறை மேலா, இட்லி ஊற்றி வைத்த மாதிரி வரிசையாக வீடுகளைக் கட்டிவிட்ட ஓனர் மேலா? யார் மேல் வந்தாலும் கத்த முடியாது. அவர் தூங்குகிறார்.

சாயங்காலம் அவரைப் பஸ் ஏற்றிவிட மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை போவது எங்கள் வழக்கம். அங்கே ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நின்று ஒரகடம் ஒரகடம் என்று ஆள் கூப்பிடும். லாரி பின்பக்கமாக நகரும்போது ரிவர்ஸ் ஹாரனில் ஏதாவது ஒரு மெட்டு ஓடும். அன்றைக்கும் பஸ் வந்தது. அவர் ஏறிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கையை ஆட்டினார். ஏ.சி. பஸ், கண்ணாடி திறக்காது. பஸ் திரும்பி மறைந்தது.

மகள் வாயைத் திறந்தாள். "ஒரகடம்... ஒரகடம்... ஏறு ஏறு ஒரகடம்..."

குரல் கரகரவென்று இருந்தது, பழக்கமில்லாத ஆளின் குரல். ஆட்டோக்காரர் கூப்பிடுகிற அதே இழுப்பில் ஆரம்பித்து, லாரி ஹாரனின் மெட்டுக்குத் தாவி, எங்கேயோ போய் விழுந்தது. பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தாள். என் கழுத்தோரத்தில் அவள் தொண்டை அதிர்வது எனக்குத் தெரிந்தது. ஆட்டோக்காரர் சிரித்தார்.

"எனுக்கே ஆள் புடிச்சுக் குடுக்கும் போல கீதே பாப்பா."

வீடு வரைக்கும் பாடிக்கொண்டே வந்தாள். வீட்டிலும் நிறுத்தவில்லை. சோறு ஊட்டும்போது சோற்றைப் பற்றிப் பாடினாள். செருப்பு, பல்லி, என் மூக்குத்தி என்று கண்ணில் பட்டதை எல்லாம் அந்த ஒரே மெட்டில் போட்டு இழுத்தாள். மூன்று வருஷத்துக் குரல் உள்ளே சேர்ந்து கிடந்திருக்கிறது. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் அவர் வந்ததும் சொன்னேன். அவர் படுக்கவில்லை. குளிக்கக்கூட இல்லை. சட்டையில் ஆயில் கறையோடு மகள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடச் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உதட்டை அசைத்தாள். ஆட்டோக்காரர் மாதிரி கையை ஆட்டினாள். சத்தம் இல்லை.

"சத்தமா பாடு கண்ணு."

"அப்பா தூங்குதாங்க," என்றாள், காற்றாக. என் ஊர்ப் பேச்சு அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது.

"நா முயிச்சிகினுதானே கீறேன்?"

அவள் எழுந்து வந்து, அவர் இமைகளை விரலால் மெதுவாக இழுத்து மூடினாள். நெற்றியில் தட்டிக் கொடுத்தாள். அவர் கண்ணைத் திறக்காமல் அப்படியே இருந்தார். அவளுக்குப் பயம் இல்லை, அதை நான் உறுதியாகச் சொல்வேன். அவர் மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். பிரியத்தைக் காட்ட அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த ஒரே வழி அதுதான்.

பள்ளிக்கூடத்திலும் மெல்ல மெல்லப் பாட ஆரம்பித்தாள். ராகம் கண்டபடி அலைகிறது, இந்த வயதில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான், விட்டுவிடுங்கள் என்றார் டீச்சர். சந்தோஷமாகவே சொன்னார். வீட்டில் அவர் கிளம்பினால் பாட்டு ஆரம்பிக்கும். காலையில் கதவில் அவர் நிழல் விழுந்தால், ஸ்விட்சை அணைத்ததுபோல நிற்கும். லீவு நாளில் அவர் முழுக்க விழித்திருந்தாலும் அப்படித்தான். அவர் ஒவ்வொரு நாளும் கேட்டார். கெஞ்சினார், தானே பாடிக் காட்டினார். கட்டைக் குரல், பாவம். அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். அதிலும் சத்தம் இல்லை.

பகல் ஷிப்ட் கேட்டுப் பார்த்தார். பார்க்கலாம் என்றார் சூப்பர்வைசர். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் அவள் பாடுவதைப் போனில் பதிந்து அனுப்பினேன். கேன்டீனில் உட்கார்ந்து கேட்டேன் என்றார். நன்றாக இருந்ததா என்று கேட்டேன். போனில் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. சாயங்காலம் எழுந்து குளித்தார். யூனிபார்ம் போட்டார். ஐ.டி. கார்டை மாட்டினார், ஷூவின் கயிற்றைக் கட்டினார், பையைத் தோளில் போட்டுக்கொண்டார். இன்றைக்கு லீவுதானே என்று உதட்டால் கேட்டேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி மகள் பக்கம் குனிந்து, அப்பா டூட்டிக்குப் போய்விட்டு வருகிறேன், இன்றைக்கு ரோடு வரை வர வேண்டாம் என்றார். அவள் கையை ஆட்டினாள். ஓ.டி. போட்டிருப்பார்கள், சொல்ல மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் மகள் ஆரம்பித்தாள். அன்றைக்குப் புதுப் பாட்டு.

"அப்பா போயாச்சு... அப்பா போயாச்சு... பஸ்ல ஏறி ஒரகடம் போயாச்சு..."

முதல் தடவையாக மெட்டு விழாமல், ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. நான் காயப்போட்ட துணியை எடுக்க வெளியே வந்தேன். ஜன்னலை ஒட்டி, தண்ணீர் டிரம் பக்கத்தில், பையைத் தோளில் போட்டபடி அவர் நின்றுகொண்டிருந்தார். சுவரில் காது படும்படி தலையைச் சாய்த்திருந்தார். உள்ளே அப்பா போயாச்சு என்று அவள் பாடப் பாட, அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எதிர்வீட்டு அக்கா, டூட்டிக்குப் போகவில்லையா என்று கேட்க வாயெடுத்தார். இவர் கையெடுத்துக் கும்பிட்டு அக்காவைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

எனக்கு நெஞ்சில் வலித்தது. நன்றாகவே வலித்தது. வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்து எத்தனையோ காலம் ஆயிற்று. துணியை அப்படியே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போனேன்.

"உள்ள வாங்க. எம்புட்டு நேரம் இப்பிடி நிப்பீக?"

"நா வந்தா நிறுத்திடுவா," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "நீ உள்ள போ. இன்னொரு வாட்டி பாடச் சொல்லு."

நான் உள்ளே போனேன். மகளை ஜன்னல் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்து, இன்னொரு தடவை பாடச் சொன்னேன்.